ஒரே வரியில் யவனரும் தமிழரும்

நாம் குடியிருக்கும் ஹப்சிகுடாவின் பெயரிலேயே ஒரு சரித்திரம் ஒளிந்திருக்கிறது. ஆப்பிரிக்காவின் அபிசீனியா தேசத்திலிருந்து வந்தவர்களைத் தக்காணத்தில் 'ஹப்ஷி' என்பார்கள். நிஜாம் காலத்தில் அந்த வீரர்கள் இங்கே குடியிருந்ததால் இந்தப் பேர் வந்தது என்று பழைய ஹைதராபாத்வாசிகள் சொல்வதுண்டு. பிற்காலத்தில் தேசியப் புவி இயற்பியல் ஆய்வகமும் மற்ற ஆய்வுக்கூடங்களும் உப்பல் சாலையில் எழும்ப, நம்மைப் போன்ற தமிழ்க் குடும்பங்களும் பெட்டி படுக்கையோடு வந்து சேர்ந்தன. ஆக, பிழைப்பைத் தேடி வந்தவர்களால் வளர்ந்த ஊர் இது. பிழைப்புக்காக அல்லாமல் ஓர் ஆசானைத் தேடிக் கடல் கடந்து வந்தவர்களைப் பற்றி இந்த மலரில் எழுத விரும்புகிறேன். அவர்கள் மேலைநாட்டார்; தேடியது புத்தரின் வழி. ஆனால் அவர்கள் கதையை இழுத்துப் பார்த்தால் நம் கதையும் கூடவே வருகிறது.

நம் பேட்டையிலிருந்து உப்பல், நாகோல், எல்.பி. நகர் வழியாக சாகர் சாலையைப் பிடித்தால் ஏறத்தாழ 150 கிலோமீட்டரில் நாகார்ஜுனசாகர். அணைக்கட்டைப் பார்க்கப் போகிறவர்களில் பலரும் படகேறி நாகார்ஜுனகொண்டா அருங்காட்சியகத்துக்கும் போவார்கள். இக்ஷ்வாகு மன்னர்கள் கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் ஆண்ட விஜயபுரி இருந்த பள்ளத்தாக்கு இன்று தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. அங்கே கிடைத்த கல்வெட்டுகளில் ஒன்று, வீரபுருஷதத்தன் என்ற மன்னனின் 14-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. போதிசிரி என்ற உபாசிகை ஒரு சைத்தியக் கூடம் கட்டுவித்து, அதைத் தாமிரபரணி, அதாவது இலங்கைத் தேரர்களுக்கு உரியதாக்கிய செய்தி அதில் இருக்கிறது. அந்தத் தேரர்கள் எந்தெந்த நாட்டு மக்களின் உள்ளங்களைத் தெளிவித்தவர்கள் என்று ஒரு பட்டியலும் வருகிறது. காஷ்மீரம், காந்தாரம், சீனம், வங்கம், வனவாசி என்று போகும் அந்தப் பட்டியலில் 'யவன', 'தமிள' என்ற இரு பெயர்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. இடையில் சில எழுத்துகள் சிதைந்துள்ளன. அறிஞர் வோகல் அவற்றை நிரப்பி இப்படிப் படித்தார். 1,700 ஆண்டுகளுக்கு முன்பே மேற்கத்தியரும் தமிழரும் ஒரே வரியில், ஒரே ஆசான்களின் மாணவர்களாக!

ஆனால் தமிழர் என்றைக்கும் மாணவர்களாகவே இருந்துவிடவில்லை. பாலி மொழிக்குப் பேருரைகள் தந்த புத்தகோசர், தாம் காஞ்சிபுரத்தில் ஜோதிபாலர் என்ற தேரருடன் தங்கியிருந்ததையும், அவர் வேண்டுகோளின்படி ஓர் உரை எழுதியதையும் தம் நூலின் முடிவுரையில் சொல்கிறார். சோழ நாட்டில் இருந்தபடி புத்ததத்தர் 'அபிதம்மாவதாரம்' எழுதினார். 7-ஆம் நூற்றாண்டில் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், காஞ்சியில் நூற்றுக்கு மேற்பட்ட சங்காராமங்களும் பதினாயிரம் பிக்குகளும் இருந்ததாகக் குறித்திருக்கிறார். மணிமேகலையை நினைத்துப் பாருங்கள். வஞ்சி மாநகரில் ஒவ்வொரு சமயக் கணக்கரிடமாகப் போய்க் கேட்டு, மனம் நிறையாமல், கடைசியில் காஞ்சியில் அறவண அடிகளிடம் அறம் கேட்கிறாள். ஆசானைத் தேடி அலைவதை ஒரு காப்பியத்தின் முக்கியப் பகுதியாகவே வைத்த மொழி நம்முடையது.

பிறகு சங்கிலி அறுந்தது. விகாரைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. சிலைகள் வயல் வரப்பிலும் குளக்கரையிலும் கிடந்தன. தீபம் இலங்கையிலும் பர்மாவிலும் எரிந்துகொண்டிருந்தது. நவீன காலத்து மேலைநாட்டார் அங்கேதான் வந்து கதவைத் தட்டினார்கள்.

முதலில் பேசப்படவேண்டியவர் கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட். அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் 1832-இல் பிறந்தவர். உள்நாட்டுப் போர்க் காலத்து அதிகாரி, பின்னால் வக்கீல். 1873-இல் இலங்கைப் பாணந்துறையில் பௌத்தருக்கும் கிறிஸ்தவருக்கும் நடந்த வாதத்தின் ஆங்கிலப் பதிப்பைப் படித்துவிட்டு, இலங்கைப் பிக்குகளுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் ஆசானைக் கண்டுபிடிக்க வழி அதுதான்: ஒரு புத்தகம், ஒரு கடிதம், பிறகு ஒரு கப்பல். 1880 மே 25 அன்று காலி நகரின் விஜயானந்த விகாரையில் அவரும் ரஷ்யப் பெண்மணி பிளாவட்ஸ்கியும் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றார்கள். அடுத்த வருஷமே ஹிக்கடுவே சுமங்கல தேரரின் ஒப்புதலோடு கேள்வி-பதில் வடிவில் ஒரு பௌத்த வினாவிடை வெளியிட்டார். 1882-இல் சென்னை அடையாறில் பிரம்மஞான சபைக்கு இடம் வாங்கி அங்கேயே தங்கினார்.

அடுத்தவர் ஆலன் பென்னட் என்ற ஆங்கிலேயர். ஆஸ்துமாவால் வாடிய உடம்பு. 1900-இல் இலங்கை வந்தார். வந்தவருக்கு முதலில் கிடைத்த ஆசான் யார் தெரியுமா? ஒரு தமிழ்ச் சைவர்! அப்போது இலங்கையின் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த பொன்னம்பலம் இராமநாதன். அவர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தபடியே அவரிடம் யோகம் பயின்றார் பென்னட். ஆனால் அவர் மனம் போன இடம் வேறு. பர்மாவின் அக்யாபுக்குப் போய் 1902-இல் முழுத் துறவேற்று ஆனந்த மெத்தேய்யர் ஆனார். 1908-இல் பௌத்தத் தூதராக இங்கிலாந்துக்கே திரும்பிப் போனார். ஜெர்மானிய வயலின் கலைஞர் ஒருவர் 1903-இல் ரங்கூனில் துறவேற்று ஞானதிலோகர் ஆனார். 1911-இல் இலங்கைத் தொடந்துவையில் ஒரு தீவில் ஆசிரமம் கண்டார். இரண்டு உலகப் போர்களிலும் 'எதிரி நாட்டவர்' என்று சிறைவைக்கப்பட்டார். இரண்டாம் முறை நம் டேராடூன் முகாமில். அப்படியும் விட்டாரா? திரும்பவும் அந்தத் தீவுக்கே வந்து சேர்ந்தார்.

இனி 1898-க்கு வருவோம். தமிழ்ப் பௌத்த வரலாற்றில் அந்த ஒரே வருஷத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன.

ஒன்று, உ.வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்தார். அதற்கு முன்னால் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. தமிழ், வடமொழிப் புலவர்கள் பலரைக் கேட்டும் பௌத்தச் சொற்களுக்குப் பொருள் விளங்கவில்லை. கும்பகோணம் கல்லூரியில் உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியார் மேலைநாட்டு அறிஞர்களின் ஆங்கில நூல்களைப் படித்து எடுத்துச் சொன்ன பிறகுதான் முடிச்சுகள் அவிழ்ந்தன. தமிழ்க் காப்பியத்தைத் தமிழர் விளங்கிக்கொள்ள லண்டன் வழியாகப் போய்வரவேண்டியிருந்தது!

இரண்டாவது, அயோத்திதாசப் பண்டிதர் ஆல்காட்டைத் துணையாகக் கொண்டு கொழும்புக்குப் போனார். உடன் சென்றவர் பஞ்சமர் பள்ளித் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமியார். வித்யோதயப் பிரிவேனாவில் சுமங்கல தேரரிடம் இருவரும் பஞ்சசீலம் ஏற்றார்கள். திரும்பி வந்து சென்னை இராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கம் கண்டார்கள். 1880-இல் ஆசானைத் தேடி வந்த அமெரிக்கர், 18 ஆண்டுகள் கழித்துத் தமிழர்களை அதே ஆசான்களிடம் கைபிடித்துக் கொண்டுபோய் விட்டார். நாகார்ஜுனகொண்டாவின் அந்த வரி மறுபடியும் எழுதப்பட்டது போல எனக்குத் தோன்றும்.

ஆனால் இருவரும் தேடியது ஒன்றல்ல. இதைத்தான் நாம் நன்றாக யோசிக்கணும். மேலைநாட்டார் வந்தது தம் சமயத்தில் விடை கிடைக்காத கேள்விகளோடு; மனத்தெளிவைத் தேடி. அயோத்திதாசர் போனது, ஒரு பெருஞ்சமூகத்தைத் தெருவுக்கு வெளியே நிறுத்திய சாதிக்கு மாற்றுத் தேடி. தம் மக்கள் பூர்வ பௌத்தர்கள் என்பது அவர் வாதம். ஆகவே அவருக்கு அது மதமாற்றம் இல்லை, வீடு திரும்புதல். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கி, 1914-இல் மறையும் வரை அதற்காகவே எழுதினார்.

அந்தச் சங்கத்தை வாழவைத்தவர்களில் பலர் யார் என்று பார்த்தால் நம் போன்றவர்கள்தான்: ஊரை விட்டுப் போன தமிழர்கள். கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்கள், பெங்களூர்வாசிகள், ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருந்தவர்கள். பாதாளத்தில் பாறை உடைத்தவர்கள் மேலே வந்து விகாரை கட்டினார்கள், பத்திரிகைக்குச் சந்தா அனுப்பினார்கள். சென்னையில் பேராசிரியர் லட்சுமி நரசு 1907-இல் ஆங்கிலத்தில் எழுதிய பௌத்த சாரம் பற்றிய நூலை, 1948-இல் மூன்றாம் பதிப்பாக வெளியிட்டு முன்னுரை எழுதியவர் டாக்டர் அம்பேத்கர். 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் நடந்த மாபெரும் தீட்சைக்குப் பின்னால் தமிழர் உழைப்பும் ஒரு பங்கு உண்டு.

கதை நம் சாகர் சாலைக்கே திரும்பி வருகிறது. பர்மாவில் 1962-இல் ராணுவ ஆட்சி வந்தபின் வெளிநாட்டாருக்கு விசா சில நாள்களுக்கு மேல் கிடைப்பது அரிதாயிற்று. ரங்கூனில் ஊ பா கின் நடத்திய பத்து நாள் பயிற்சிக்கு அவர்களால் போக முடியவில்லை. அவருடைய மாணவரான மண்டலே மார்வாடி வணிகர் எஸ்.என். கோயங்கா 1969-இல் இந்தியா வந்து விபஸ்ஸனா வகுப்புகள் தொடங்கியதும், அமெரிக்க, ஐரோப்பிய இளைஞர்கள் அவரைத் தேடித் திரண்டார்கள். இந்தியாவில் அந்த வழியின் ஆரம்ப கால நிலையங்களில் ஒன்று 1976-இல் சாகர் சாலையில் குசும்நகரில் அமைந்த தம்ம கேத்தம். இன்றைக்கும் அங்கே கட்டணம் கேட்பதில்லை. பயிற்சி முடித்தவர்கள் விரும்பித் தருவதுதான். இன்னொரு பக்கம், செகந்திராபாத் மகேந்திரா ஹில்ஸில் ஆனந்த புத்த விகாரை இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகளே போகத் தயாராக இருக்கிறார்கள்.

எங்கள் அடுக்ககத்துப் பையன் ஒருவன் பத்து நாள் மௌனமாக இருந்துவிட்டு வந்து, "அங்கிள், இதுக்கும் நம்ம தமிழுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?" என்று கேட்டான். அவன் படித்த புத்தகங்கள் எல்லாம் அமெரிக்கர்கள் எழுதியவை. அவன்மேல் குற்றமில்லை. காஞ்சியையும் அயோத்திதாசரையும் தங்கவயலையும் நாம் வீட்டில் பேசினால்தானே பிள்ளைகளுக்குத் தெரியும்?

எல்லாம் நம்மிடமிருந்துதான் போயிற்று என்று மார்தட்டிக்கொள்ள நான் சொல்லவில்லை. வெள்ளைக்காரர் வந்துதான் நமக்குக் கண் திறந்தது என்பதும் பாதி உண்மைதான். ஒருவர் கையில் விளக்கு அணைந்தபோது இன்னொருவர் வைத்திருந்தார், கேட்டவருக்குக் கொடுத்தார். தெலுங்கு மண்ணில், இலங்கைத் தேரர்களுக்காக ஒரு பெண்மணி எழுப்பிய கட்டடத்தின் கல்லில் யவனரும் தமிழரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதற்கு அதுதான் பொருள் என்று நினைக்கிறேன். அடுத்த முறை உறவுக்காரர்கள் வந்து சாகர் அணையைக் காட்டச் சொன்னால், குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு படகேறிப் போய்வாருங்கள். புலமைக்கு வேண்டியது நூலகம். ஆர்வத்துக்கு ஒரு கல்வெட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.