வெள்ளி யாருடைய கிழமை?

வெள்ளிக்கிழமை விடியலில் செஞ்சிக்குச் செல்வோரை ஆட்டுச் சந்தையின் ஆரவாரமே முதலில் வரவேற்கும். சந்தைக்கு அப்பால் மலைமேல் நிற்கும் கோட்டையோ பலரிடம் கைமாறியது. நாயக்கருக்குப்பின் 1649இல் பீஜப்பூரார், 1677இல் சிவாஜி, 1698இல் முகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என உரிமையாளர் மாறினர். வெள்ளி மட்டும் வெள்ளியாகவே நின்றது.

கிழமை என்பதற்கும் உரிமை என்பதே பொருள். ஒவ்வொரு நாளும் ஒரு கோளுக்கு உரியது என்னும் இவ்வழக்கம் உரோமரிடமும் பரவியது, இந்தியாவிலும் வேரூன்றியது. மத்தியப் பிரதேசத்து ஏரண் கல்வெட்டு 484ஆம் ஆண்டிலேயே கிழமையைக் குறிக்கிறது. சம்பந்தரின் கோளறு பதிகம் கோள்களைக் கிழமை வரிசையிலேயே அடுக்குகிறது.

உரோமரிடம் வாரத்தைக் கற்ற ஜெர்மானியர், தம் தெய்வங்களை அதில் குடியேற்றினர். வீனசின் நாள் பிரீயாவுக்குச் சேர்ந்து 'பிரைடாக்' ஆயிற்று. நம் வியாழன் இடித் தெய்வமான டோனாரின் 'டோனர்ஸ்டாக்' ஆயிற்று. கிறிஸ்தவம் பரவியபின் வோடனின் நாள், 'வார நடு' எனப் பொருள்படும் 'மிட்வோக்' ஆயிற்று. சனிக்கு, யூதரின் ஓய்வுநாளை நினைவூட்டும் 'சாம்ஸ்டாக்' அமைந்தது. வடபகுதியினர் அதனையே 'சொன்ஆபென்ட்', அதாவது ஞாயிற்றின் முன்மாலை என்பர். ஞாயிறு திருப்பலியைச் சனி மாலையிலேயே நிறைவேற்றும் நமக்கு அது புதிதன்று.

போர்த்துக்கீசர் இன்னும் கடுமை காட்டினர். 6ஆம் நூற்றாண்டில் பிராகா ஆயர் மார்ட்டின் கோள்பெயர்களைக் கண்டித்தார். இன்றும் அவர்கள் மொழியில் திங்கள் 'இரண்டாம்' நாள். வெள்ளி 'ஆறாம்' நாள். 1597 அளவில் செஞ்சிக்கு வந்து, லிஸ்பன் நீங்கலாகப் போர்த்துகலின் எந்நகரினும் இது பெரிதென வியந்த இயேசு சபைத் தந்தை பிமென்டாவின் தாய்மொழியும் அதுவே.

தமிழ்த் திருச்சபையோ எந்தப் பெயரையும் அகற்றவில்லை. சாம்பல் புதன், பெரிய வியாழன், பெரிய வெள்ளி எனப் பழைய பெயர்களோடு புதிய நினைவுகளைச் சேர்த்தது. பிறருடைய சொல்லை அழிக்காமலே அதற்குள் குடியிருக்கலாம் என்பதை நாம் இங்கே கற்கிறோம்.

கோட்டையை வென்றவர்கள் போய்விட்டனர். சந்தைக்கு ஆடு ஓட்டிவரும் உழவருக்கும் சிலுவையை முத்தமிடும் நமக்கும் வெள்ளி பொதுவாகவே இருக்கிறது.