புதிய தானுந்துக் காப்பீடு (இந்தியா)

புதிய தானுந்துக் காப்பீடு என்பது இந்தியாவில் புதிதாகத் தானுந்து (கார்) வாங்குவோர் அதனைப் பதிவு செய்து சாலையில் ஓட்டுவதற்கு முன்னர் பெற்றிருக்க வேண்டிய வாகனக் காப்பீட்டைக் குறிக்கும். இலங்கைத் தமிழில் இது காப்புறுதி எனப்படும். காப்பீட்டுச் சான்றிதழ் இன்றி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் புதிய வண்டியைப் பதிவு செய்ய இயலாது. ஆகவே பெரும்பாலும் வண்டியை விற்கும் முகவரே காப்பீட்டையும் சேர்த்துத் தருகிறார். எனினும் அவரிடமே வாங்க வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை.

சட்டப் பின்னணி

1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 146 ஆம் பிரிவு, பொது இடத்தில் ஓடும் ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்பீடு இருத்தல் வேண்டும் என்கிறது. முதல் தரப்பு வண்டியின் உரிமையாளர். இரண்டாம் தரப்பு காப்பீட்டு நிறுவனம். வண்டியால் பாதிக்கப்படும் வேறெவரும் மூன்றாம் தரப்பினர். இக்கட்டாயத்தின் நோக்கம் வண்டியைக் காப்பது அன்று. அடிபட்டவருக்கு, ஓட்டியவரிடம் பணம் இருப்பினும் இல்லாவிடினும் இழப்பீடு கிடைக்கச் செய்வதே ஆகும். உயிரிழப்புக்கும் காயத்துக்கும் தீர்ப்பாயம் விதிக்கும் தொகைக்கு ஒப்பந்தத்தில் உச்சவரம்பு இல்லை. பிறர் உடைமைக்கு ஏற்படும் சேதத்துக்குத் தனியார் கார்களைப் பொறுத்தவரை வரம்பு 7.5 இலட்சம் ரூபாய்.

காப்பீடு இன்றி வண்டி ஓட்டினால் 196 ஆம் பிரிவின்படி, 2019 செப்டம்பர் 1 முதல், முதல் முறை 2,000 ரூபாயும் மறுமுறை 4,000 ரூபாயும் தண்டம் விதிக்கப்படும். மூன்று மாதம் வரை சிறைத் தண்டனையும் விதிக்கப்படலாம்.

மூன்றாண்டுக் காப்பீடு

முன்னர் புதிய காருக்கும் ஓராண்டுக் காப்பீடே வழங்கப்பட்டது. முதலாண்டு முடிந்ததும் பலர் அதனைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டனர். கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பியல் அறுவை மருத்துவர் எஸ். இராஜசேகரன், சாலை விபத்து உயிரிழப்புகள் குறித்து 2012 இல் உச்ச நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தார். அவ்வழக்கில், சாலையில் ஓடும் வாகனங்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கே காப்பீடு உள்ளது என்ற செய்தி நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. இதனையடுத்து 2018 சூலை 20 அன்று பிறப்பிக்கப்பட்ட ஆணையின்படி, 2018 செப்டம்பர் 1 முதல் விற்கப்படும் புதிய கார்களுக்கு 3 ஆண்டுகளுக்கும், இரு சக்கர வாகனங்களுக்கு 5 ஆண்டுகளுக்கும் மூன்றாம் தரப்புக் காப்பீடு ஒருசேர வாங்கப்பட வேண்டும்.

இந்த மூன்றாண்டுக் கட்டணத்தை நிறுவனங்கள் தம் விருப்பப்படி விதிக்க முடியாது. அரசு அறிவிக்கும் தொகையே எங்கும். 2022 சூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பில், 1000 சிசி வரையிலான புதிய காருக்கு 6,521 ரூபாய், 1000 முதல் 1500 சிசி வரை 10,640 ரூபாய், அதற்கு மேல் 24,596 ரூபாய் எனக் குறிக்கப்பட்டது. வரி இதற்குப் புறம்பு.

சொந்தச் சேதக் காப்பீடு

வாங்கியவரின் வண்டிக்கே நேரும் விபத்து, திருட்டு, தீ, வெள்ளம் முதலியவற்றை ஈடுசெய்வது சொந்தச் சேதக் காப்பீடு. இது சட்டப்படி கட்டாயமன்று. ஆனால் வங்கிக் கடனில் வாங்கப்படும் காருக்குக் கடன் கொடுத்தவர் இதனை வலியுறுத்துவர். அவர் பெயரும் ஆவணத்தில் குறிக்கப்படும். புதிய காருக்குப் பொதுவாக ஓராண்டுச் சொந்தச் சேதமும் மூன்றாண்டு மூன்றாம் தரப்பும் இணைந்த ஆவணம் வழங்கப்படுகிறது. எனவே மூன்றாண்டுக்குக் கவலையில்லை என்று கருதி, முதலாண்டு முடிவில் சொந்தச் சேதப் பகுதியைப் புதுப்பிக்க மறப்பவர் பலர்.

2007 சனவரி 1 முதல் இப்பகுதியின் கட்டணத்தை நிறுவனங்களே முடிவு செய்கின்றன. பேரம் பேச இடமிருப்பது இங்குதான்.

வண்டி முற்றிலும் அழிந்தாலோ திருடுபோனாலோ கிடைக்கும் உச்சத் தொகை காப்பீட்டு மதிப்பு எனப்படும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட வண்டிக்கு விற்பனைக்கூட விலையில் 5 விழுக்காடு கழிக்கப்படும். 8,00,000 ரூபாய் விலையுள்ள காரின் மதிப்பு 7,60,000 ரூபாய் ஆகும். சாலை வரியும் பதிவுக் கட்டணமும் இதில் சேரா. மதிப்பைக் குறைத்துக் காட்டிக் கட்டணத்தையும் குறைப்பதுண்டு. அது மலிவாகத் தோன்றினும் திருட்டு நேரும்போது இழப்பு உரிமையாளருக்கே.

பழுதுபார்ப்பிலும் முழுத்தொகை கிடைப்பதில்லை. நெகிழி, இரப்பர் உறுப்புகள், சக்கர உறை, மின்கலம் ஆகியவற்றுக்குத் தேய்மானமாக 50 விழுக்காடு கழிக்கப்படும், கண்ணாடிக்குக் கழிவில்லை. இக்கழிவை நீக்கும் கூடுதல் காப்பு 'பம்பர் டு பம்பர்' என்று பேச்சு வழக்கில் அழைக்கப்படுகிறது. வெள்ள நீரில் நின்ற காரை இயக்க முயன்று எஞ்சின் பழுதானால் சாதாரண ஆவணத்தின்கீழ் இழப்பீடு மறுக்கப்படலாம். 2015 திசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பின்னர் எஞ்சின் பாதுகாப்பு எனும் தனிக் காப்பைப் பலரும் அறிந்தனர்.

2021 ஆகத்தில் சென்னை உயர் நீதிமன்றம், விபத்து இழப்பீட்டு மேல்முறையீடு ஒன்றில், செப்டம்பர் 1 முதல் விற்கப்படும் புதிய வாகனங்களுக்கு ஐந்தாண்டு 'பம்பர் டு பம்பர்' காப்பீடு கட்டாயம் என ஆணையிட்டது. மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் இருந்தால் காரில் பயணிப்போருக்கு இழப்பீடு கிடைப்பதில்லை என்பதே அவ்வாணைக்குத் தூண்டுதலாயிற்று. நடைமுறைச் சிக்கல்கள் எடுத்துரைக்கப்பட்டதால் செப்டம்பர் 13 அன்று ஆணை திரும்பப் பெறப்பட்டது. சிக்கலுக்குக் காரணமான குறை, மூன்றாம் தரப்பு மட்டும் வாங்கியோருக்கு இன்றும் பொருந்தும்.

உரிமையாளர் விபத்துக் காப்பு

வண்டியைத் தாமே ஓட்டும் உரிமையாளருக்கு 15 இலட்சம் ரூபாய் தன்விபத்துக் காப்பு தேவை. வேறு வாகனத்தின் வழியாகவோ தனி ஆவணமாகவோ முன்பே அத்தொகைக்குக் காப்பு உள்ளவர் மீண்டும் வாங்க வேண்டியதில்லை. விற்பனைக்கூடங்களில் இதனைக் கேட்டாலன்றிச் சொல்வது அரிது.

பழைய வண்டியின் சலுகை

இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கு அளிக்கப்படும் கழிவு 20 விழுக்காட்டில் தொடங்கி, தொடர்ந்து ஐந்தாண்டுகள் கோராதிருந்தால் 50 விழுக்காடு வரை உயரும். இது சொந்தச் சேதக் கட்டணத்துக்கு மட்டும் உரியது. வண்டியைச் சாராது, உரிமையாளரைச் சார்ந்தது. பழைய காரை விற்றுப் புதியது வாங்குபவர் முந்தைய நிறுவனத்திடம் சான்று பெற்று, மூன்றாண்டுக்குள் புதிய காருக்கு இதனை மாற்றிக்கொள்ளலாம். பழைய கார் புதிய உரிமையாளருக்குச் செல்லும்போது இச்சலுகை அவருக்குச் செல்லாது.

பொறுப்புத் தொடங்கும் நேரம்

1938 ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம், 64விபி பிரிவின்படி, கட்டணம் வந்து சேரும் முன் நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை. வண்டியை எடுக்கும் நாளில் ஆவணம் கையிலிருப்பது இதனால் இன்றியமையாதது. பதிவெண் இன்னும் வராத நிலையில் அடிச்சட்ட எண்ணும் எஞ்சின் எண்ணுமே அடையாளம் என்பதால், அவற்றில் ஓரெழுத்துப் பிழையும் பின்னர் இடர் தரும்.

தற்காலிகப் பதிவு காலாவதியான பின் வண்டியை ஓட்டுவதும் இவ்வாறே. 2011 இல் தற்காலிகப் பதிவு முடிந்த சில நாள்களில் திருடுபோன புதிய வண்டி ஒன்றுக்கு இழப்பீடு தர வேண்டியதில்லை என 2021 செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வண்டிக்குக் காப்பீடு நடைமுறையில் இருந்தது. நிலையான பதிவுதான் செய்யப்படவில்லை.