அக்குளில் 'பீப் பீப்'... கையைக் காப்பாற்றும் குட்டிக் கருவி!

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் அக்காக்களைப் பார்த்திருப்பீர்கள். கூடை தூக்குவது, ஐஸ் அள்ளுவது, வஞ்சிரத்தைத் துண்டு போடுவது என எல்லாமே கையை நம்பித்தான். மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவருக்கு அந்தக் கை வீங்கிப்போனால்? உயிர் பிழைத்தாலும் பிழைப்பு போச்சு!

மார்பகத்திலிருந்து நோய் பரவினால், பெரும்பாலும் முதலில் போவது அக்குள் நிணநீர் முடிச்சுகளுக்குத்தான். 'நெறி கட்டியிருக்கு' என்று பாட்டி சொல்வாரே, அந்த நெறிதான் இது. ஓர் அக்குளில் சுமார் 20 முதல் 40 வரை இருக்கும். முன்பெல்லாம் நோய் பரவியிருக்கோ இல்லையோ, பெரும்பாலானவற்றை வழித்து எடுத்துவிடுவார்கள். நிணநீர் வடிய வழியில்லாமல் கை வீங்கும். இதற்குப் பெயர் லிம்ஃபெடீமா. இப்படி எடுத்தவர்களில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு இது வருகிறது. தேவையான ஒன்றிரண்டை மட்டும் எடுத்தால், 20 பேரில் ஒருவருக்குத்தான்.

சரி, எந்த ஒன்றிரண்டு? கட்டியிலிருந்து வடியும் நிணநீர் முதலில் போய்ச் சேரும் முடிச்சு, 'சென்டினல் நோட்'. டோல்கேட் மாதிரி. அங்கே நோய் இல்லையென்றால், தாண்டியும் போயிருக்க வாய்ப்பு குறைவு.

அதைக் கண்டுபிடிக்கத்தான் கருவி. டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்க மருந்தைக் கொஞ்சமாக மார்பகத்தில் ஊசி போடுவார்கள். 6 மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகும், பயம் வேண்டாம். தடித்த பேனா போன்ற காமா புரோபை அக்குள்மேல் நகர்த்தினால், மருந்து தேங்கிய இடத்தில் சத்தம் எகிறும். 1993-ல் அமெரிக்க டாக்டர் டேவிட் க்ராக் குழு இதை மார்பகப் புற்றுநோயில் செய்து காட்டியது. புரோப் சத்தம்தான் தரும். கையடக்க காமா கேமராவோ, ஸ்கிரீனில் படமே காட்டும். கதிரியக்கமே வேண்டாமா? இண்டோசயனின் கிரீன் சாயம் போட்டு, அகச்சிவப்பு கேமராவில் பார்க்கலாம். நிணநீர்ப் பாதை ஒளிக்கோடாகத் தெரியும். ஆனால், ஆழத்தில் இருக்கும் முடிச்சைத் தோல்மேலிருந்து பார்க்க முடியாது.

இதெல்லாம் காஸ்ட்லி சமாச்சாரம். அதனால்தான் டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் ஃப்ளோரசின் சாயத்தையும் நீல எல்.இ.டி விளக்கையும் வைத்து முயன்று பார்த்தார்கள். என்னைக் கேட்டால், நம்ம ஊருக்குத் தேவை இந்த மாதிரி யோசனைதான்.

மார்க்கெட்டிலிருந்து பஸ் ஏறினால் கோரிமேடு ஜிப்மர். அங்கே மண்டலப் புற்றுநோய் மையமும் நியூக்ளியர் மெடிசின் துறையும் இருக்கின்றன. அம்மாவுக்கோ அத்தைக்கோ ஆபரேஷன் என்றால், எந்த மருத்துவமனையாக இருந்தாலும் முன்கூட்டியே கேளுங்கள்: "டாக்டர், சென்டினல் நோட் மட்டும் எடுத்தால் போதுமா?" அக்குளில் ஏற்கெனவே நோய் பரவியது உறுதியானவர்களுக்கு இது பொருந்தாமல் போகலாம்.

நீலச் சாயம் பயன்படுத்தியிருந்தால், ஓரிரு நாள் சிறுநீர் நீலப்பச்சையாகப் போகும். பதறாதீர்கள், சாயம்தான்.