லெக்ஸஸ் இஎஸ்: பின்னிருக்கை வசதிக்கு முன்னுரிமை தரும் ஜப்பானிய சொகுசு செடான்

ஜப்பானின் டொயோட்டா நிறுவனம், லெக்ஸஸ் என்ற சொகுசுப் பிரிவை 1989-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கியபோது இரண்டு கார்களை அறிமுகப்படுத்தியது. ஒன்று பெரிய அளவிலான எல்எஸ் 400. மற்றொன்று இஎஸ் 250. அவற்றுள் நடுத்தர அளவு கொண்ட இஎஸ், பல தலைமுறைகளைக் கடந்து இன்றும் விற்பனையில் உள்ளது. ஜப்பானில் இக்கார் 1991 முதல் 2006 வரை டொயோட்டா விண்டம் என்ற பெயரில் விற்கப்பட்டது.

முன்சக்கர இயக்கம்

மெர்சிடிஸ் இ-கிளாஸ், பிஎம்டபிள்யூ 5 சீரிஸ் போன்ற ஜெர்மானிய கார்கள் பின்சக்கர இயக்கத்தை அடிப்படையாகக் கொண்டவை. இஎஸ் காரில் என்ஜினின் திறன் முன்சக்கரங்களுக்குச் செல்கிறது. வளைவுகளில் விரைந்து ஓட்டுவோருக்குப் பின்சக்கர இயக்கமே ஏற்றது எனினும், முன்சக்கர அமைப்பில் பயணிகளுக்கு அதிக இடம் கிடைக்கிறது. 2018-இல் வெளியான ஏழாம் தலைமுறை காரின் நீளம் 4,975 மி.மீ.; முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தொலைவு 2,870 மி.மீ.

ஹைபிரிட் தொழில்நுட்பம்

இந்தியாவில் விற்கப்பட்ட இஎஸ் 300ஹெச் காரில் 2.5 லிட்டர் பெட்ரோல் என்ஜினுடன் மின்மோட்டாரும் இணைந்து செயல்படுகிறது. இவற்றின் கூட்டுத்திறன் 218 பிஎஸ். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றல் மின்சாரமாக மாற்றப்பட்டு பேட்டரியில் சேமிக்கப்படுவதால், வெளியிலிருந்து சார்ஜ் செய்யத் தேவையில்லை. நின்று நின்று செல்லும் நகர நெரிசலில் எரிபொருள் சேமிப்பு அதிகம்.

இந்தியாவில்

லெக்ஸஸ் 2017-ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்தது. 2020 முதல் இஎஸ் 300ஹெச், பெங்களூரு அருகே பிடதியில் உள்ள டொயோட்டா ஆலையில் ஒருங்கிணைக்கப்பட்டது. முழுமையாகத் தயாரிக்கப்பட்ட கார்களுக்கான அதிக இறக்குமதி வரி இதனால் தவிர்க்கப்பட்டது.

எனினும், ஹைபிரிட் என்பதற்காக ஜிஎஸ்டி சலுகை இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, இத்தகைய பெரிய ஹைபிரிட் கார்களுக்கு 40 சதவீதமும், மின்சார கார்களுக்கு 5 சதவீதமும் வரி விதிக்கப்படுகிறது. எனவே ஹைபிரிட் காரை வாங்குவோருக்குக் கிடைக்கும் பயன் எரிபொருள் செலவில்தான், விலையில் அல்ல.

2025 ஏப்ரலில் ஷாங்காய் கண்காட்சியில் அறிமுகமான எட்டாம் தலைமுறை இஎஸ், ஹைபிரிட் வகையுடன் முழு மின்சார வகையிலும் உருவாக்கப்பட்டுள்ளது. இஎஸ் வரிசையில் முழு மின்சார கார் இடம்பெறுவது இதுவே முதல்முறை.