சாம்பலும் சுண்ணாம்பும்: சவர்க்காரம் சொல்லும் வரலாறு



வீட்டிலேயே சவர்க்காரம் செய்வது இப்போது பலருக்குப் பிடித்தமான பொழுதுபோக்கு. எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவர் தாம் செய்த சவர்க்காரத் துண்டு ஒன்றை அழகிய தாளில் சுற்றி எனக்குப் பரிசளித்தார். மஞ்சளும் வேப்பிலையும் கலந்த துண்டு அது. அவரிடம் செய்முறையைக் கேட்டறிந்து, சென்ற பள்ளி விடுமுறையில் நானும் செய்து பார்த்தேன். ஓரளவு நன்றாகவே வந்தது. ஆனால் எண்ணெயைக் கிண்டிக்கொண்டிருந்தபோது என் நினைவெல்லாம் பாட்டியிடம் சென்றுவிட்டது. அவரும் சவர்க்காரம் செய்தவர்தாம். அவருக்கு அது பொழுதுபோக்காக இருக்கவில்லை.

அந்த நினைவைப் பின்தொடர்ந்து நான் படித்தவற்றையும் அறிந்தவற்றையும் இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சொல்லுக்குள் ஒரு செய்முறை

இன்று 'சோப்' என்கிறோம். மலாய் மொழியில் 'சாபுன்' என்கிறார்கள். தனித்தமிழ் அன்பர்கள் 'வழலை' என்பர். நம் பாட்டன் பாட்டிமார் 'சவுக்காரம்' என்றனர். பள்ளியில் நாம் 'சவர்க்காரம்' என்று எழுதுகிறோம். சவர் என்றால் உவர்ப்பு. காரம் என்றால் அரித்துத் தின்னும் தன்மையுடைய உப்பு. ஆடை வெளுப்போர் உவர்மண்ணில் துணியை நனைத்து வெள்ளாவி வைத்ததை மூத்தோர் அறிவர். உடலுக்கும் தலைக்கும் சீயக்காய், அரப்பு, பூந்திக்கொட்டை ஆகியவை இருந்தன.

வேதியியலில் 'காரம்' என்பதற்கு ஆங்கிலத்தார் வழங்கும் 'அல்கலி' என்னும் சொல் அரபு மொழியிலிருந்து வந்தது. உவர்நிலத்துச் செடிகளை எரித்துக் கிடைக்கும் சாம்பலை அரபியர் 'அல்-கலி' என்றனர். நம்மவருக்கு மண்ணிலிருந்தும் அவர்களுக்குச் சாம்பலிலிருந்தும் காரம் கிடைத்தது. எண்ணெயும் காரமும் சேர்ந்து வினைபுரிந்தால் சவர்க்காரமும் கிளிசரினும் உண்டாகும். எத்தனை நறுமணம் சேர்த்தாலும் அடிப்படை இவ்வளவே.

சாம்பலிலிருந்து தொழிற்சாலைக்கு

சிரியாவின் அலெப்போ, பிரான்சின் மார்செய் போன்ற நகரங்கள் ஒலிவ எண்ணெய்ச் சவர்க்காரத்திற்குப் பல நூற்றாண்டுகளாகப் பெயர் பெற்றவை. அக்காலத்தில் காரம் கிடைப்பதே பெரும் சிக்கல். மலை மலையாக விறகையோ செடியையோ எரித்தால்தான் சிறிதளவு காரம் கிடைக்கும். 1791ஆம் ஆண்டில் நிக்கோலா லெபிளாங்க் என்னும் பிரெஞ்சுக்காரர் சாதாரண உப்பிலிருந்து சோடா தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1823இல் மிஷேல் செவ்ரோல் என்னும் அறிஞர் கொழுப்புகளைப் பற்றிய தம் ஆய்வுநூலை வெளியிட்டு, சவர்க்காரம் உருவாகும்போது உண்மையில் என்ன நிகழ்கிறது என்பதை விளக்கினார். இங்கிலாந்தில் சவர்க்காரத்தின் மீதிருந்த வரி 1853இல் நீக்கப்பட்டது. அதன்பின் அது எளியோர் வீட்டிற்கும் சென்றது.

1884இல் வில்லியம் லீவர் 'சன்லைட்' என்னும் பெயரில் சவர்க்காரம் விற்கத் தொடங்கினார். விலங்குக் கொழுப்பை மட்டுமே நம்பியிராமல் தாவர எண்ணெய்களை மிகுதியாகப் பயன்படுத்தியது அவருடைய சிறப்பு. விற்பனை பெருகப் பெருக எண்ணெய்த் தேவையும் பெருகியது. 1911இல் பெல்ஜியத்தின் ஆட்சியிலிருந்த காங்கோவில் செம்பனைக் காடுகளுக்கு உரிமை பெற்றார். வெப்பமண்டல நாடுகளின் எண்ணெய் கப்பலேறி இங்கிலாந்து செல்வதும், அது வண்ணத்தாள் சுற்றிய சவர்க்காரமாகத் திரும்பி வருவதும் வழக்கமாயின.

செம்பனை வந்த வழி

இக்கதையில் நம் சிலாங்கூர் மாநிலத்திற்கும் பங்குண்டு. மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட செம்பனையின் நான்கு கன்றுகள் 1848இல் ஜாவாவிலுள்ள போகோர் தாவரத் தோட்டத்தில் நடப்பட்டன. அவற்றின் வழித்தோன்றல்கள் சுமத்ராவில் சாலையோர அழகு மரங்களாக நின்றன. அங்கிருந்து விதை பெற்று ஹென்ரி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுத் தோட்டக்காரர் 1911–12ஆம் ஆண்டுகளில் கோல சிலாங்கூர் வட்டாரத்து ரந்தாவ் பாஞ்சாங் தோட்டத்தில் நட்டார். 1917இல் அதே வட்டாரத்தின் தென்னமாரம் தோட்டத்தில் வணிக நோக்கிலான முதல் செம்பனைப் பயிரீடு தொடங்கியது.

காட்டை அழித்துக் கன்று நட்டோரிலும் குலை வெட்டிச் சுமந்தோரிலும் நம் முன்னோர் பலர் இருந்தனர். ஆயினும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சவர்க்காரம் என்பது கடையில் கடனுக்கு வாங்கும் பொருளாகவே இருந்தது.

தாயகத்தில் அக்காலத்தில் வேறொரு முயற்சி நடந்தது. சென்னை மாகாண அரசு 1914இல் கள்ளிக்கோட்டையில் சவர்க்காரத் தொழில்நிலையம் ஒன்றை ஏற்படுத்தியது. அதற்கு வித்திட்டவர் மீன்வளத் துறையில் பணியாற்றிய சர் பிரெடெரிக் நிக்கல்சன். 1916இல் மைசூர் அரசு பெங்களூரில் ஆலை அமைத்தது. மைசூர் சந்தன சோப் அங்குப் பிறந்ததே. உள்ளூர் எண்ணெயைக் கொண்டு உள்ளூரிலேயே செய்யலாம் என்பதை அவை காட்டின. மலாயாத் தோட்டங்களில் இதை நம் மக்களுக்குக் கற்பித்தது போர்தான்.

ஜப்பானியர் காலத்தில் பாட்டி

1942 ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் ஜப்பானியர் வசமானது. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரில் ஆங்கிலேயர் சரணடைந்தனர். வெளிநாட்டுக் கப்பல்கள் வருவது நின்றது. அரிசி, துணி, மருந்து, சவர்க்காரம் யாவும் அரிதாயின. மரவள்ளிக் கிழங்கு உணவாயிற்று, சாக்கு உடையாயிற்று. வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டின் மதிப்பு நாளுக்கு நாள் சரிந்தது.

என் பாட்டிக்கு அப்போது வயது பதினேழு. கோல லங்காட் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் லயத்தில் தம் அண்ணனோடும் இரு தம்பிகளோடும் வாழ்ந்தார். பெற்றோர் முன்பே காலமாகிவிட்டனர். சவர்க்காரம் கிடைக்காமற்போன சில மாதங்களில் லயத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் சிரங்கு கண்டது. தம்பிகள் இரவெல்லாம் சொறிந்துகொண்டு அழுவார்களாம். பக்கத்து லயத்துக் கிழவி ஒருவர்தாம் பாட்டிக்குச் சாம்பல் நீர் எடுக்கக் கற்றுக்கொடுத்தார்.

தென்னை மட்டையையும் தேங்காய் உரிமட்டையையும் காய்ந்த வாழைத் தண்டையும் எரித்துச் சாம்பலாக்குவார்கள். அடியில் துளையிட்ட தகரத்தில் வைக்கோல் பரப்பி, சாம்பலைக் கொட்டி, மேலே மழைநீரை ஊற்றுவார்கள். சொட்டுச் சொட்டாக வடியும் பழுப்பு நீரில் வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிய விடுவார்கள். தெளிவை இறுத்துக் காய்ச்சுவார்கள். அதில் கோழி இறகை விட்டால் இறகு கரைய வேண்டும், அதுதான் பதம். பிறகு தேங்காயெண்ணெயை ஊற்றி நெடுநேரம் கிண்டுவார்கள். இறுதியில் ஒரு கை உப்பு. மேலே திரண்டு வருவதை அள்ளிச் சிரட்டையில் ஊற்றி ஆறவைப்பார்கள்.

"சுண்ணாம்பு போடலேன்னா சாம்பத் தண்ணிக்குக் கோபம் வராது" என்று பாட்டி சொல்வார். சிறுவயதில் அதைக் கேட்டு நாங்கள் சிரித்திருக்கிறோம். சுண்ணாம்பையும் உப்பையும் திருஷ்டி கழிக்கும் பொருள்கள் என்றே நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவருடைய வலக்கை மணிக்கட்டில் ஒரு வெளிறிய தழும்பு உண்டு. அந்தக் கோபம் தெறித்த இடம் அது.

1943இல் பாட்டியின் அண்ணனைச் சயாம்–பர்மா இரயில் பாதை வேலைக்கு அழைத்துச் சென்றனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் அவ்வாறு சென்றனர்; பல்லாயிரவர் மீளவில்லை. அண்ணனின் மூட்டையில் மாற்று வேட்டியையும் ஒரு சிரட்டைச் சவர்க்காரத்தையும் வைத்துக் கட்டியதாகப் பாட்டி சொல்வார். அவரும் திரும்பி வரவில்லை. பாட்டி அதை விரிவாகச் சொன்னதில்லை. சவர்க்காரம் செய்த கதையைச் சொல்லி வருகையில் அந்த இடத்தில் நிறுத்திவிடுவார்.

1945 செப்டம்பர் 9ஆம் நாள் ஆங்கிலேயப் படை எங்கள் வட்டாரத்து மோரிப் கடற்கரையில் இறங்கியது. மெல்ல மெல்லக் கடைகளில் பொருள்கள் வந்தன. கடைச் சவர்க்காரம் கிடைத்த அன்றே பாட்டி தகரத்தைத் தூக்கி எறிந்துவிட்டாராம். அதன்பின் ஒருநாளும் அவர் சவர்க்காரம் செய்ததில்லை.

சுண்ணாம்பின் பொருள்

பாட்டி 2003இல் காலமானார். நான் அப்போது ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்றுகொண்டிருந்தேன். வரலாறு கற்பிக்கும் முறைகளைக் குறிப்பேடு குறிப்பேடாக எழுதிய நான், வீட்டிலிருந்த வரலாற்றில் ஒரு வரியையும் எழுதி வைக்கவில்லை.

சென்ற ஆண்டு அவருடைய முறையைச் செய்து பார்க்க முனைந்தேன். முதல் முறை சுண்ணாம்பைச் சேர்க்கவில்லை. அரை நாள் காய்ச்சியும் எண்ணெய் தனியாகவே மிதந்தது. பின்னர்த்தான் வேதியியல் நூலைப் புரட்டினேன். சாம்பல் நீரில் பெரிதும் இருப்பது பொட்டாசியம் கார்பனேட்டு. அது மென்மையான காரம். எண்ணெயை எளிதில் மாற்றாது. நீர்த்த சுண்ணாம்பு சேரும்போது கார்பனேட்டு சுண்ணாம்போடு சேர்ந்து அடியில் படிகிறது. கரைசலில் வலிய காரமான பொட்டாசியம் ஹைட்ராக்சைடு எஞ்சுகிறது. பாட்டி சொன்ன கோபம் அதுவே. பொட்டாசியத்தால் ஆன சவர்க்காரம் களிபோல் இளகியிருக்கும். உப்பிலுள்ள சோடியம் அதனை இறுகச் செய்து, நீரிலிருந்து பிரித்து மேலே கொண்டுவருகிறது. திருஷ்டி என்று நான் நினைத்த இரண்டும் இன்றியமையாத படிநிலைகள்.

இரண்டாம் முறை சுண்ணாம்பும் உப்பும் சேர்த்தேன். பழுப்பு நிறத்தில், மணமற்ற, உறுதி குறைந்த ஒரு கட்டி கிடைத்தது. நீரில் தேய்த்தபோது நுரைத்தது. எவ்வளவு சாம்பலுக்கு எவ்வளவு சுண்ணாம்பு என்று கேட்க ஆளில்லை.

இன்றைய பொழுதுபோக்கு

போருக்குப்பின் 1950களில் லீவர் நிறுவனம் பங்சாரில் ஆலை நடத்தியது. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்து மூத்தோர் பலருக்கு அது நினைவிருக்கும். 1960களில் தோட்டங்கள் பால்மரத்தை வெட்டிச் செம்பனைக்கு மாறின. இன்று தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து பாலம் கடந்து கேரித் தீவுக்குச் சென்றால் சாலையின் இருபுறமும் செம்பனையே. கடையில் வாங்கும் பெரும்பாலான சவர்க்காரங்களில் இருப்பதும் செம்பனை எண்ணெயோ அதன் பருப்பெண்ணெயோதான்.

வீட்டில் செய்ய விரும்புவோருக்குச் சில சொற்கள். இன்று சாம்பல் தேவையில்லை. எரிசோடா எனப்படும் சோடியம் ஹைட்ராக்சைடு கடையில் கிடைக்கிறது. ஒவ்வோர் எண்ணெய்க்கும் தேவையான அளவு வேறு. 1000 கிராம் செம்பனை எண்ணெய் முழுமையாக மாற ஏறக்குறைய 141 கிராம் எரிசோடா வேண்டும். தேங்காயெண்ணெய்க்கு ஏறக்குறைய 183 கிராம். தோலுக்கு இதமாக இருக்க இந்த அளவில் ஐந்து விழுக்காட்டைக் குறைத்துக்கொள்வர். தராசில் நிறுத்தே எடுக்க வேண்டும். எப்போதும் நீரில் எரிசோடாவைச் சிறிது சிறிதாக இட வேண்டும். எரிசோடாவின் மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியப் பாத்திரம் கூடாது. செய்த துண்டுகளை நான்கு முதல் ஆறு வாரம் உலர்த்திய பிறகே பயன்படுத்த வேண்டும். பிள்ளைகள் இவ்வேலையின் பக்கம் வரவே கூடாது.

பிள்ளைகளோடு செய்ய வேறொன்று இருக்கிறது. வெள்ளைத் தாளில் மஞ்சள் கரைசலைத் தடவிக் காயவையுங்கள். விறகுச் சாம்பலை நீரில் கலக்கி, நன்கு வடிகட்டி, ஒரு துளியை அதன்மேல் ஆசிரியரே குச்சியால் இடட்டும். மஞ்சள் சிவப்பாகும். எலுமிச்சைச் சாறு பட்டால் மீண்டும் மஞ்சளாகும். மணமக்களுக்கு ஆலம் சுற்றும்போது மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்ந்து சிவப்பதும் இதே காரணத்தால்தான். என் வகுப்பில் இதைச் செய்து காட்டியபோது ஒரு மாணவி, "எங்க ஆயாவுக்கு இது தெரியும் டீச்சர்" என்றாள். மறுநாள் அவள் ஆயாவிடம் கேட்டு அரைப் பக்கம் எழுதி வந்தாள். எழுத்துப்பிழைகள் இருந்தன. அன்று மட்டும் அவற்றைத் திருத்தாமல் வாங்கி வைத்துக்கொண்டேன்.

நான்காம் ஆண்டு முதல் நம் பிள்ளைகள் வரலாற்றை ஒரு பாடமாகப் படிக்கின்றனர். ஜப்பானியர் காலத்தை நேரில் கண்டவர்கள் இன்று மிகச் சிலரே. அவர்களிடம் கதை கேட்டு வளர்ந்தவர்களோ நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றனர். பெற்றோர்களே, இந்த வாரம் உங்கள் வீட்டுப் பெரியவரிடம் அமர்ந்து, அக்காலத்தில் எதைக் கொண்டு துணி துவைத்தார்கள், எதைக் கொண்டு குளித்தார்கள் என்று பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள். என்ன பொருள், எவ்வளவு, எப்படி என்பதை அளவோடு எழுதச் சொல்லுங்கள். காரணம் புரியாத படிநிலையையும் விடாமல் எழுதட்டும். எனக்குச் சுண்ணாம்பின் காரணம் புரிய இருபது ஆண்டுகளுக்கு மேலாயின.