கால் அங்குலத் தோட்டாவும் புரியின் கணக்கும்

துப்பாக்கியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் போர்க்களத்தின் வழியாகவே எழுதி வந்துள்ளனர். வேட்டைத் துப்பாக்கிக்கென்று தனியே ஒரு வரலாறு உண்டு. அதில் அமெரிக்க மான் வேட்டைக்காரரிடையே 1895 தொடங்கி இன்றுவரை ஓயாத விவாதமாக இருந்துவரும் கால் அங்குலத் தோட்டாக்களின் கதையை இக்கட்டுரையில் காண்போம். வேட்டை தகுமா தகாதா என்னும் வினாவை நாம் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் சுடுவதென்று ஒருவன் முடிவு செய்த பின், அடிபட்ட மான் சில நொடிகளில் வீழ்கிறதா, அன்றிப் புண்ணோடு ஓடிப் புதரில் கிடந்து நெடுநேரம் துடித்து மடிகிறதா என்பது பெரிய வேறுபாடு. அந்த வேறுபாட்டை முடிவு செய்தவை எவை என்பதே நம் கேள்வி.

பெயரும் அளவும்

கால் அங்குலம் என்பது வழக்குப் பெயர். குழலின் உட்துளை 0.250 அங்குலம். புரியின் பள்ளங்களை நிறைத்துச் செல்ல வேண்டிய குண்டின் விட்டம் 0.257 அங்குலம், அதாவது ஆறரை மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை கூடுதல். இக்குடும்பத்துத் தோட்டாக்களின் பெயர்களோ புதியவரைக் குழப்பும். .250 சாவேஜ் துளையால் பெயர்பெற்றது; .257 ராபர்ட்ஸ் குண்டால் பெயர்பெற்றது; .25-06 என்பதில் உள்ள 06, அதன் மூலத் தோட்டா அமெரிக்கப் படையில் ஏற்கப்பட்ட 1906ஆம் ஆண்டைக் குறிப்பது. மூன்றிலும் அமர்வது ஒரே விட்டமுள்ள குண்டுதான்.

குண்டின் எடையைக் கிரெய்ன் கணக்கில் சொல்வது வழக்கம். 7000 கிரெய்ன் ஒரு பவுண்டு. 100 கிரெய்ன் குண்டு ஏறத்தாழ ஆறரை கிராம். நூறு கிலோ எடையுள்ள ஒரு வெள்ளைவால் மானை இந்த ஆறரை கிராம் வீழ்த்த வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

இவ்வளவு சிறிய குண்டை வேட்டைக்காரர் ஏன் விரும்பினர்? விடை தோளில் இருக்கிறது. .30-06 போன்ற முழுவலிமைத் தோட்டா தோளில் கொடுக்கும் உதையில் ஏறத்தாழப் பாதியே .257 ராபர்ட்ஸ் கொடுக்கும். உதைக்கு அஞ்சுகிறவன் விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடுவான், தோளைச் சுருக்குவான். குண்டு நெஞ்சை விட்டு வயிற்றில் பாயும். குறிதவறிய பெரிய குண்டினும் குறிதப்பாத சிறிய குண்டு மேல் என்பதே இவ்வகைத் தோட்டாக்களின் முதல் நியாயம்.

புரி சொல்லும் கணக்கு

பம்பரம் சுழலும்வரை நிற்பது போலக் குண்டும் சுழன்றால்தான் மூக்கை முன்னே நீட்டிப் பறக்கும். அச்சுழற்சியைத் தருவது குழலினுள் வெட்டப்பட்ட புரி. எத்தனை அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று என்பதே புரியின் அளவு. இங்கிலாந்தின் உல்விச்சில் கணிதம் கற்பித்த ஜார்ஜ் கிரீன்ஹில் 1879இல் இதற்கு ஓர் எளிய சூத்திரம் தந்தார். குண்டின் விட்டத்தை அதனாலேயே பெருக்கி, 150ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால் தேவையான புரி கிடைக்கும். நொடிக்கு 2800 அடிக்கு மேற்பட்ட வேகங்களுக்கு 150க்குப் பதில் 180 என்று கொள்வது பிற்கால வழக்கம்.

நம் குண்டுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்னும் மெதுவான புரியில் சுமார் 0.85 அங்குல நீளமுள்ள குண்டே நிலைகொள்ளும். 10 அங்குலப் புரியில் 1.19 அங்குலம்வரை தாங்கும். நீளம் மிகுந்த குண்டை மெதுவான புரியில் சுட்டால் அது வழியிலேயே தலைகுப்புறப் புரளும். தாளிலக்கில் வட்டத் துளைக்குப் பதிலாகச் சாவித்துளை போன்ற கிழிசலே தோன்றும். ஒரே விட்டத்தில் எடை கூடினால் நீளமும் கூடும். ஆகவே குழலில் புரி வெட்டப்பட்ட நாளிலேயே அத்துப்பாக்கி எந்த எடைவரை சுடும் என்பது முடிவாகிவிடுகிறது. மருந்தை மாற்றலாம், குண்டை மாற்றலாம். புரியை மாற்ற வேண்டுமானால் குழலையே மாற்ற வேண்டும்.

1895: மெதுவான தொடக்கம்

புகையில்லா மருந்து அமெரிக்க வேட்டைக்கு வந்த காலத்தில், வின்செஸ்டர் நிறுவனம் தன் 1894 மாதிரி நெம்பு ரைபிளுக்காக 1895இல் .25-35 தோட்டாவை .30-30 உடன் வெளியிட்டது. குண்டு 117 கிரெய்ன். வேகம் நொடிக்கு இரண்டாயிரம் அடியைச் சுற்றியே. அந்த ரைபிளில் தோட்டாக்கள் குழலுக்கடியில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். கூர்மூக்குக் குண்டானால் முன்னுள்ள தோட்டாவின் கேப்பில் இடித்து வெடிக்கும் ஆபத்து உண்டு என்பதால் மூக்கு மழுங்கலாகவே இருந்தது. வேகம் குறைவு, மூக்கு மழுங்கல் என்றாலும் வின்செஸ்டர் இதற்கு 8 அங்குலப் புரி வெட்டியது. குண்டின் எடைக்குப் புரி தாராளமாகவே போதும். கிட்டத்தில் நின்ற மானை இத்தோட்டா பேச்சின்றி வீழ்த்தியது.

1915: மூவாயிரம் என்னும் எண்

அடுத்து வந்தவர் சார்லஸ் நியூட்டன். வழக்கறிஞர், தோட்டா வடிவமைப்பில் தம் காலத்தை முந்தியவர். சாவேஜ் நிறுவனத்தின் 99 மாதிரி ரைபிளுக்காக .30-06 கூட்டைக் குறுக்கிக் கால் அங்குலக் கழுத்து வைத்தார். 99இன் தோட்டாப் பேழை சுழலும் வகையாதலால் கூர்மூக்குக் குண்டுக்குத் தடையில்லை. 100 கிரெய்ன் குண்டை 2800 அடி வேகத்தில் செலுத்துவதே நியூட்டனின் விருப்பம். நிறுவனம் வேறு கணக்குப் போட்டது. குண்டை 87 கிரெய்னாகக் குறைத்தால் வேகம் 3000 அடியைத் தொடும். அதுவரை அமெரிக்கத் தொழிற்சாலைத் தோட்டா எதுவும் தொடாத எண். 1915இல் அந்த எண்ணையே பெயரிலும் சேர்த்து .250-3000 என்று விற்பனைக்கு விட்டனர்.

விளம்பரம் வென்றது. ஆனால் 87 கிரெய்ன் குட்டைக் குண்டுக்குப் போதுமென்று குழலில் 14 அங்குலப் புரியே வெட்டப்பட்டது. நாம் மேலே போட்ட கணக்கு இங்கேதான் உறைக்கிறது. அக்காலக் குண்டோ ஈயத்தின்மேல் மெல்லிய செம்புறை போர்த்தியது. அவ்வேகத்தில் மானின் தோள் எலும்பில் பட்டால் ஆழம் செல்லாமல் மேலேயே சிதறிவிடும் வாய்ப்பு மிகுதி. நெஞ்சின் பக்கவாட்டில் பட்டால் மின்னலடித்தது போல் மான் வீழும். தோளில் பட்டால் அகன்ற மேற்புண்ணோடு ஓடும். இதைக் கண்டு கனமான குண்டுக்கு மாற நினைத்தவரைப் புரி தடுத்தது. 100 கிரெய்னில் குட்டையானவை மட்டும் ஒத்துழைத்தன. பெட்டியின்மேல் அச்சிட்ட ஓர் எண்ணுக்காகச் செய்த தேர்வு, அந்தக் குழல்களின் ஆயுள் முழுவதும் உடன்வந்தது.

காட்டுப்பூனைகள் இரண்டு

தொழிற்சாலையின் இசைவின்றித் தனியார் பட்டறைகளில் பிறக்கும் தோட்டாக்களை அமெரிக்கர் காட்டுப்பூனை என்பர். 1920ஐ ஒட்டி, குழல் செய்வதில் தேர்ந்த நீட்னர், .30-06 கூட்டின் கழுத்தைக் கால் அங்குலமாக ஒடுக்கினார். இதுவே .25-06. கூடு பெரிது, துளை சிறிது. அன்று கிடைத்த மருந்துகளோ விரைந்து எரிபவை. குண்டு நகருமுன்பே அழுத்தம் உச்சத்துக்கு ஏறிவிடும். இக்கூட்டின் திறன் கால் நூற்றாண்டு உறங்கிக் கிடந்தது.

மற்றொன்று நெட் ராபர்ட்ஸ் 1920களில் ஆக்கியது. 7 மில்லிமீட்டர் மவுசர் கூட்டை ஒடுக்கியமையால் அளவு நடுத்தரம். அன்றைய மருந்துக்கு இசைந்தது. 1934இல் ரெமிங்டன் நிறுவனம் இதை .257 ராபர்ட்ஸ் என்று ஏற்றுக்கொண்டது. புரி 10 அங்குலம். கனமான குண்டுக்கு இடம் இருந்தது. ஆனால் இங்கும் ஒரு குறை. பழைய மவுசர் ரைபிள்களிலும் இதைச் சுடுவர் என்னும் அச்சத்தால் தொழிற்சாலை அழுத்தத்தைத் தாழ்த்தியே வைத்தது. தோட்டாவின் மொத்த நீளத்தையும் சுருக்கி 117 கிரெய்ன் மழுங்கல் குண்டை ஆழ அமர்த்தியது. நல்ல கூடு, நல்ல புரி, அரைமனதான நிரப்பு.

கையால் நிரப்புவோர்

இவ்விடத்தில்தான் கையால் தோட்டா நிரப்புவோர் வரலாற்றுக்குள் நுழைகின்றனர். சுட்டபின் குண்டும் மருந்தும் கேப்பும் போய்விடும். தோட்டாவின் விலையுயர்ந்த பகுதியான பித்தளைக் கூடு எஞ்சும். விரிந்த கூட்டை அச்சிலிட்டு அழுத்தி அளவுக்குக் கொணர்வது, பழைய கேப்பைத் தள்ளிப் புதியது பொருத்துவது, மருந்தைத் தராசில் நிறுத்து இடுவது, குண்டைக் கழுத்தில் அமர்த்துவது என்பன இத்தொழிலின் படிகள். அச்சிட்ட கையேட்டின் தாழ்ந்த அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாக ஏறி, கேப்பு தட்டையாவது, கூடு அறையில் இறுகுவது போன்ற அழுத்தக் குறிகளைக் கண்டதும் இறங்குவது இதன் அறம். ஒரு கிரெய்ன் பிசகினால் கண்ணையும் கையையும் இழக்கலாம்.

தொழிற்சாலை தர மறுத்ததை இவர்கள் தாமே ஆக்கிக்கொண்டனர். ராபர்ட்ஸின் கூட்டில் மழுங்கல் குண்டை நீக்கி 100, 115, 120 கிரெய்ன் கூர்மூக்குக் குண்டுகளை வைத்தனர். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் கான்சாஸ் மாநிலத்துப் புரூஸ் ஹாட்ஜ்டன் படையின் மிகுதி மருந்தை வாங்கி மலிவாக விற்றார். 20 மில்லிமீட்டர் பீரங்கிக்கென ஆக்கப்பட்ட 4831 என்னும் மெதுவாக எரியும் மருந்தும் அதில் இருந்தது. உறங்கிய .25-06 விழித்தது. நீட்னர் கூடு செய்த நாளில் இல்லாத மருந்து, போரின் மிச்சமாக வந்து சேர்ந்தது.

குண்டு சிதறும் குறைக்கும் மருந்து பிறந்தது. 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சேறு பூசிய மூஸ் ஒன்றின்மேல் தம் குண்டு ஆழம் செல்லாமல் உடைந்ததைக் கண்ட ஜான் நோஸ்லர், நடுவே செம்புச் சுவர் வைத்த குண்டை உருவாக்கி 1948இல் நிறுவனமும் தொடங்கினார். முன்பாதி விரியும், பின்பாதி சிதையாமல் ஊடுருவும். கால் அங்குலக் குண்டை நம்பி மானின் தோளைக் குறிவைக்கலாம் என்னும் நிலை இத்தகைய குண்டுகளாலேயே வந்தது.

1955: அதே பிழை, மறுமுறை

1955இல் ஆறு மில்லிமீட்டர்த் தோட்டாக்கள் இரண்டு ஒரே ஆண்டில் சந்தைக்கு வந்தன. வின்செஸ்டரின் .243 பத்து அங்குலப் புரியும், மானுக்கென 100 கிரெய்ன் குண்டும் பெற்றிருந்தது. ரெமிங்டனின் .244, ராபர்ட்ஸின் உடன்பிறப்பான கூடு; .243ஐ விடச் சற்றுப் பெரியது. ஆனால் அதற்கு 12 அங்குலப் புரி. மிகுதியாக 90 கிரெய்ன் குண்டு. ஒரே ரைபிளில் சிறுவிலங்கும் மானும் சுட விரும்பிய மக்கள் .243ஐ அள்ளிச் சென்றனர். ரெமிங்டன் புரியை 9 அங்குலமாக்கி, 1963இல் பெயரையும் 6 மில்லிமீட்டர் ரெமிங்டன் என மாற்றியது. காலம் கடந்துவிட்டிருந்தது. சாவேஜ் 1915இல் செய்ததற்கும் இதற்கும் வேறுபாடு ஒன்றே: அன்று போட்டியாளர் இல்லை, இன்று இருந்தார்.

இப்போட்டியில் நசுங்கியவை .250உம் .257உம். புதிய ரைபிள்கள் அவற்றுக்கு அருகின. எனினும் கையால் நிரப்புவோர் அவற்றைக் கைவிடவில்லை. அந்தப் பற்றுதலின் வலிமையை .25-06 மெய்ப்பித்தது. அரை நூற்றாண்டு காட்டுப்பூனையாகவே வாழ்ந்த அதனை 1969இல் ரெமிங்டன் தொழிற்சாலைத் தோட்டாவாக ஏற்றது.

ஒப்பீடு

100 கிரெய்ன் குண்டை அளவுகோலாகக் கொண்டால் நொடிக்கு .250 சாவேஜ் சுமார் 2800 அடியும், நவீன ரைபிள்களுக்கான உயர் அழுத்த .257 ராபர்ட்ஸ் 3000 அடியும், .25-06 3200 அடியும் தருகின்றன. ராய் வெதர்பி 1944இல் ஆக்கிய .257 மேக்னம் 3600 அடியை எட்டும். ஆனால் .250ஐ விட ஏறத்தாழ இருமடங்கு மருந்தை எரித்தே அந்த 800 அடி கிடைக்கிறது. நீண்ட குழல் வேண்டும், குழலின் தொண்டை விரைவில் தேயும், உதையும் கூடும். உதை குறைவு என்னும் முதல் நியாயம் இங்கே தளர்கிறது.

காட்டினுள் கிட்டத்தில் சுடுவோர்க்கு .250 போதும். மேற்கின் திறந்த வெளிகளில் தொலைவில் நிற்கும் மானுக்கு .25-06 தக்கது. இரண்டுக்கும் நடுவே, மருந்தின் சிக்கனமும் உதையின் மென்மையும் போதிய வலிமையும் கொண்ட ராபர்ட்ஸே கையால் நிரப்புவோர்க்கு உகந்தது என்பது நம் துணிபு. அதன் குறை கூட்டில் இல்லை, தொழிற்சாலையின் தயக்கத்தில் இருந்தது. தயக்கத்தைக் கைகள் நீக்கிவிட்டன. ரைபிள் உயர் அழுத்தம் தாங்குமா என்பதையும், தோட்டாப் பேழையின் நீளத்தையும் முதலில் அறிந்துகொள்வது இன்றியமையாதது.

2025இல் ஹார்னடி நிறுவனம் .25 கிரீட்மோர் என்னும் தோட்டாவை வெளியிட்டது. அதற்கு வகுத்த புரி ஏழரை அங்குலம். கிரீன்ஹில் சூத்திரப்படி ஒன்றரை அங்குலத்துக்கும் மேற்பட்ட நீளமுள்ள குண்டை அது தாங்கும். 130 கிரெய்னைத் தாண்டிய குண்டுகளும் இன்று கால் அங்குல விட்டத்தில் கிடைக்கின்றன. 1895இன் எட்டு அங்குலப் புரியை விட இது அரை அங்குலமே விரைவானது. நூற்று முப்பது ஆண்டுகள் சுற்றி வந்து, எடைக்கேற்ற புரி என்னும் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறோம். இடையில் மூவாயிரத்தைத் துரத்திய ஆண்டுகளுக்கு விலை கொடுத்தவை, புண்ணோடு ஓடி மறைந்த மான்கள்.