வெர்னன் கவுண்டி: உழவர் உதவித் திட்டங்களும் மண் பாதுகாப்பு நிதியும்

வெர்னன் கவுண்டி, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் தென்மேற்குப் பகுதியில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் அமைந்த வேளாண் மாவட்டம். தலைமையிடம் விரோக்வா. பால் பண்ணையும் மக்காச்சோளமும் குதிரைமசாலும் இங்கே முதன்மை. உழவர் தம் நிலத்து மண்ணைக் காக்க அரசு பணமும் ஆளும் கொடுத்து உதவும் முறை அமெரிக்காவில் வேரூன்றிய இடங்களில் இது முந்தியது.

பழைய பனியாறுகள் படராமல் போன பகுதி இது. அதனால் நிலம் சமமாகவில்லை. குன்றின் உச்சியில் காற்று கொண்டுவந்து படியவைத்த மென்மையான வண்டல், அதன் கீழே செங்குத்தான சரிவு, அடியில் ஓடை. 19ஆம் நூற்றாண்டில் குடியேறிய நார்வே, ஜெர்மன் உழவர்கள் சரிவென்று பாராமல் கட்டம் கட்டமாக வயல் பிரித்து, மேலிருந்து கீழாக உழுதார்கள். சரிவுக் காடுகளிலும் மாடு மேய்த்தார்கள். ஒவ்வொரு மழைக்கும் உழவுசால் வழியே மண் இறங்கியது. 1930களில் ஆளை மறைக்கும் ஆழத்தில் ஓடைப்பள்ளங்கள் வயலை அறுத்துக் கிடந்தன. கீழே ஓடைக்கரை மேய்ச்சல் நிலங்கள் வண்டலில் புதைந்தன.

கூன் பள்ளத்தாக்குத் திட்டம்

1933இல், இக்கவுண்டியிலும் அண்டையிலும் பரவிய கூன் ஓடைப் படுகையில் தொடங்கியதே நாட்டின் முதல் நீர்ப்பிடிப்புப் பகுதி மண் பாதுகாப்புத் திட்டம். அந்த ஆண்டு உருவான மண் அரிப்புத் துறைக்குத் தலைவராக இருந்தவர் ஹியூ ஹாமண்ட் பென்னட். உழவர் ஐந்து ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டார். சரிவுக் காட்டில் மாடு விடாமல் இருக்கவும் வயலைச் சம உயரக் கோட்டில் உழவும் ஒப்புக்கொண்டார். அரசு விதை, சுண்ணாம்பு, உரம், வேலிக்கம்பி கொடுத்தது. வேலையில்லா இளைஞருக்கான முகாமிலிருந்து ஆட்களையும் அனுப்பியது. குன்றைச் சுற்றி வளைந்து செல்லும் பட்டைகளாக வயல் மாறியது. ஒரு பட்டையில் மக்காச்சோளம், அடுத்ததில் ஓட்ஸ், அதற்கடுத்ததில் குதிரைமசால். மக்காச்சோளப் பட்டையிலிருந்து மண்ணோடு வரும் நீர் குதிரைமசால் பட்டையில் வேகம் குறைந்து, மண்ணை அங்கேயே விட்டுவிடும். நேர்கோட்டு வேலிகளைப் பிடுங்கி வளைவில் நட வேண்டியிருந்தது. பரம்பரை வயலின் எல்லையையே மாற்ற உழவர் சம்மதித்ததுதான் இதில் பெரிய செய்தி. பணம் மட்டும் இதைச் செய்திருக்காது.

பலன் அளந்து பார்க்கப்பட்டது. இப்படுகையைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த புவியியலாளர் ஸ்டான்லி டிரிம்பிள் 1999இல் வெளியிட்ட கணக்குப்படி, 1975–93 காலத்தில் பள்ளத்தாக்கில் வண்டல் படிந்த வேகம் 1930களில் இருந்ததில் ஏறத்தாழ 6 விழுக்காடுதான்.

இன்றைய திட்டங்கள்

1935இல் அமெரிக்கக் காங்கிரஸ் மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றி, நிரந்தரத் துறை ஒன்றை அமைத்தது. 1994 முதல் அதன் பெயர் இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை. அதனுடன் பண்ணைச் சேவை முகமையும் மாவட்ட அளவில் பணிபுரிகிறது. முகமையின் மாவட்டக் குழு உறுப்பினர்களை உழவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். கவுண்டி அரசுக்கும் தனியாக மண்–நீர் பாதுகாப்புத் துறை உண்டு.

திட்டங்களில் இரண்டு முக்கியமானவை. 1985ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பாதுகாப்பு ஒதுக்கீட்டுத் திட்டத்தில், எளிதில் அரிபடும் நிலத்தைச் சாகுபடியிலிருந்து விலக்கிப் புல்லோ மரமோ வளர்த்தால், அரசு 10 முதல் 15 ஆண்டுக்கு ஏக்கர் கணக்கில் ஆண்டு வாடகை தரும். வாடகைக்கு அந்தக் கவுண்டியின் குத்தகை நிலவரமே அடிப்படை. ஒரு கவுண்டியின் சாகுபடி நிலத்தில் கால் பங்குக்கு மேல் பொதுவாகச் சேர்ப்பதில்லை. விதை, உரம் விற்கும் கடைக்காரர் நலிந்துவிடக்கூடாது என்பது இந்த வரம்புக்கு ஒரு காரணம். 1996இல் வந்த சுற்றுச்சூழல் தர ஊக்கத் திட்டம், சாகுபடி நடக்கும் நிலத்துக்கானது. மூடுபயிர், புல் வளர்த்த வடிகால், சாணக் கிடங்கு, சுழற்சி மேய்ச்சலுக்கு வேலி எனப் பலவற்றுக்கும் செலவில் 75 விழுக்காடு வரை கிடைக்கும். புதிதாகத் தொழிலுக்கு வந்தவர், குறைந்த வருவாயுள்ளவர் போன்றோருக்கு 90 வரை.

உழவர் முதலில் தம் நிலத்துக்குப் பண்ணை எண் வாங்க வேண்டும். அரிபடும் நிலத்தைத் திட்டமின்றி உழமாட்டேன் என்ற உறுதிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அலுவலர் வயலுக்கு வந்து நடந்து பார்த்துத் திட்டம் வரைவார். விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் உண்டு. பணம் தீரும்வரை மேலிருந்து தேர்வாகும். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் மண்வெட்டியைத் தொட்டால் அந்த வேலைக்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது. வேலை முடிந்து, அளந்து சரிபார்த்த பிறகே பணம் வரும். அதுவரை செலவு உழவர் கையிலிருந்தோ கடனிலிருந்தோதான் போகிறது. 90 விழுக்காடு வரை பெறும் வகையினருக்கு மட்டும் முன்பணம் உண்டு.

சிறு உழவரைத் தடுப்பது, செலவுக்குப் பின்னரே பணம் தரும் இந்த முறைதான். 2022ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுதும் பாதுகாப்புப் பணிக்குக் கூடுதலாக 1,950 கோடி டாலர் ஒதுக்கியது. 2025 தொடக்கத்தில் அந்த நிதியில் ஒரு பகுதி நிறுத்திவைக்கப்பட்டபோது, ஒப்பந்தத்தை நம்பி முன்கூட்டிச் செலவழித்தவர்கள் பணத்துக்குக் காத்துக் கிடந்தார்கள். கவுண்டியிலும் சுற்றுப்புறத்திலும் பெருமளவில் வாழும், பழமை வழுவாத கிறித்தவப் பிரிவினரான ஆமிஷ் சமூகத்தவரில் பலர் அரசுப் பணம் வாங்குவதில்லை என்பதையும் திட்டம் வகுப்போர் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒப்பந்தம் முடிந்ததும் நிலம் மீண்டும் உழவுக்கு வரலாம் என்பது இன்னொரு பலவீனம். 2007இல் நாடு முழுதும் 3.68 கோடி ஏக்கர் ஒதுக்கீட்டில் இருந்தது. பின்னர் மக்காச்சோள விலை ஏறியது. சட்டமும் உச்சவரம்பைக் குறைத்தது. 2021இல் பரப்பு 2.1 கோடி ஏக்கர் அளவுக்கு இறங்கியிருந்தது. புல் பதினைந்து ஆண்டில் கட்டிய மண்ணை ஒரே பருவத்து உழவு குலைத்துவிடும்.

வெள்ளமும் அணைகளும்

1954ஆம் ஆண்டு நீர்ப்பிடிப்புச் சட்டத்தின்கீழ் இப்பகுதியின் பள்ளத்தாக்குகளில் வெள்ளத்தைத் தடுக்கச் சிறிய மண் அணைகள் கட்டப்பட்டன. 2018 ஆகஸ்டு 27–28இல் பெய்த பெருமழையில் கூன் ஓடைப் படுகையில் மூன்றும் கிக்கபூ ஆற்றின் மேற்குக் கிளைப் படுகையில் இரண்டுமாக ஐந்து அணைகள் உடைந்தன. அணையின் இரு பக்கமும் தாங்கியிருந்த விரிசல் விட்ட மணற்பாறை வழியே நீர் புகுந்ததே காரணம். அதன்பின் நடந்த திட்ட ஆய்வு, அணைகளைத் திரும்பக் கட்டுவதைவிட நீக்கிவிடலாம் என்ற முடிவுக்கு வந்தது. வெள்ளத்துக்குப் பிறகு கூன் ஓடைப் படுகை உழவர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து தங்கள் நீர்ப்பிடிப்பு மன்றத்தை அமைத்தார்கள். மேட்டு நிலத்திலேயே மழைநீரை மண்ணுக்குள் இறக்குவது அதன் நோக்கங்களில் ஒன்று.